வரம்பில் ஊன்றும் கால்

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குக் கஜலக்ஷ்மி மோட்டார் சைக்கிளில் குளக்கரை வரம்பின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்த் திரும்ப வேண்டும். விழாமல் வந்தால் அவள் இறால் பண்ணையின் வெளிக்கள உத்தியோகத்தர். விழுந்தால் ஆய்வுகூடத்தில் உட்கார ஒரு கதிரை இருக்கிறது. அந்தக் கதிரையை அவள் பார்த்திருக்கிறாள். அதற்கு முன்னால் சுவர்.

வெள்ளிக்கிழமையன்று அவளிடம் வண்டியே இல்லை.

பண்ணையின் மேற்பார்வையாளர் தவச்செல்வன் அன்றுதான் போனில் சொன்னார். வன்னியிலிருந்து வந்து முந்தலில் வீடு கட்டியவர்.

"பிள்ளை, நேர்முகத்தில நீர்தான் முதல். ஆனா பதினாறு குளம். ஒரு நாளைக்கு ரெண்டு தரம் தண்ணி பாக்க வேணும். நடந்து பாக்க ஏலாது. சொந்த வண்டி வேணும். ஸ்கூட்டி வேண்டாம். ரெண்டு ஸ்கூட்டியைக் குளத்துக்குள்ள இருந்து தூக்கி எடுத்தனாங்கள்."

"ஓம் சேர்."

"உம்மட உயரத்துக்கு..."

"திங்கக்கிழமை வாறேன் சேர்."

போனை வைத்தாள். வீட்டுக்குள் இரண்டு முறை சுற்றி வந்தாள். மூன்றாவது சுற்றில் சித்தியின் தையல் மெஷினில் இடித்துக்கொண்டாள்.

சித்தி அன்னலட்சுமி, அம்மாவின் தங்கை. உடப்பு ஊரில் பாதிப் பேரின் அளவு அவளுக்கு மனப்பாடம். கேட்டுவிட்டு மெஷினை நிறுத்தினாள்.

"உன் உயரத்துக்கா?"

"நீங்களுமா சித்தி?"

"அளவு கேக்கிறேன்டி. வந்து நில்லு."

கழுத்திலிருந்த நாடாவை எடுத்தாள். தலையிலிருந்து தரைக்கு நாலடி எட்டரை. உள்காலை அளந்து இருபத்தாறு அங்குலம் என்றாள்.

"ஸ்கூல் பிள்ளைக்குத் தைக்கிற கால்சட்டை. பேர் மட்டும் யானை மாதிரி வச்சிட்டாங்க."

ஓட்டத் தெரியும். லைசன்சும் இருக்கிறது. ஓட்டப் பழக்கிய லேனர்ஸ் மாஸ்டர் வண்டிக்குப் பக்கத்தில் ஒரு சீமெந்துக் கல் வைத்திருந்தார். அதில் காலை ஊன்றித்தான் அவள் புறப்பட்டாள். அதே கல்லில் காலை ஊன்றித்தான் நின்றாள். வரம்பில் கல் இருக்காது.

சனிக்கிழமை பத்து மணிக்கு நூர்தீன் தில்லையடியிலிருந்து வந்தார். பழைய வண்டிகளை வாங்கி விற்பவர், எல்லோருக்கும் நானா, அதாவது அண்ணன். அவருடைய மகளின் கல்யாண உடுப்பு சித்தி தைத்தது. சின்ன லொறியில் மூன்று வண்டிகள் கயிறு கட்டி நின்றன.

"எங்க எறக்க, அக்கா?"

"கரைக்கு விடுங்க நானா."

"கரைக்கா?"

சித்தி எதையும் கடற்கரை மணலில் வைத்துப் பார்த்துத்தான் வாங்குவாள். சித்தப்பாவின் வள்ளத்துக்கு இஞ்சின் அப்படித்தான் வந்தது. தையல் மெஷினைக்கூட மணலில் இறக்கி, கடலைப் பார்த்து உட்கார்ந்து, ஒரு துணியைத் தைத்த பிறகுதான் வீட்டுக்கு எடுத்தாள். ஏன் என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை. இதுவரை எதுவும் பழுதாகவில்லை.

வள்ளங்களுக்குப் பக்கத்தில் மூன்று வண்டிகளும் நின்றன. ஒன்று சாலி. முழங்கால் உயரச் சக்கரம்கூட இல்லாத குட்டி வண்டி. இன்னொன்று சிவப்பு. தபால்காரர்கள் ஓட்டுகிற வகை. ஒற்றை சீட், பின்னால் இரும்புத் தட்டு, கிளச் இல்லை. மூன்றாவது கறுப்பு. நூற்றைம்பது சீசீ. பெற்றோல் தாங்கி பளபளத்தது.

கஜலக்ஷ்மி கறுப்பைப் பார்க்காததுபோல் நின்றாள்.

முதலில் சாலியில் ஏறினாள். முழங்கால் இரண்டும் ஹேண்டிலைத் தொட்டன.

"சர்க்கஸ் எப்ப தங்கச்சி?" என்றான் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த பஸ்தியான்.

"உன் வாய்க்குத்தான் முதல்ல வலை பொத்தணும்," என்றாள் சித்தி.

சிவப்பில் சித்தி அவளை ஏறவே விடவில்லை. "இதில ஏறிப்போய் யாருக்குக் கடிதம் குடுக்கப் போறே?"

கறுப்பு மிச்சமிருந்தது. கஜலக்ஷ்மி செருப்பைக் கழற்றினாள். காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்தாள். வண்டியை நிமிர்த்தினாள். வலது பாதம் மணலைத் தொட்டது. இடது பாதமும் தொட்டது. விரல் மட்டும் அல்ல, குதிகாலும்.

"சித்தி! ரெண்டு பாதமும்! ரெண்டும்!"

சித்தி குனிந்து நாடாவைப் பிடித்தாள். சீட்டிலிருந்து மணலுக்கு. "இருபத்தேழரை. கொஞ்சம் அமுங்கும். சரியா வரும். நாடா சொல்லிட்டுது, இதுதான்."

நூர்தீன் தாடியைச் சொறிந்தார். "அக்கா, ரோட்டுல ஏத்தி ஒருக்காப் பாத்தா நல்லம்."

"எதுக்கு?"

"மணல்ல ஒரு மாதிரி இரிக்கும். ரோட்டுல வேற மாதிரி."

சித்தி கஜலக்ஷ்மியை ஓரமாகக் கூட்டிப் போனாள். குரலைத் தாழ்த்தினாள். கடல் இரைச்சலில் தாழ்த்தினால் கேட்காது. அதனால் எல்லோருக்கும் கேட்கும்படிதான் தாழ்த்தினாள்.

"விக்க வந்த மனுசன் விக்க யோசிக்கிறார். இதை வேற யாருக்கோ பேசி வச்சிருக்கார். விடாத."

கஜலக்ஷ்மி விடுவதாக இல்லை. கை இன்னும் ஹேண்டிலின் மேல்தான் இருந்தது.

நூர்தீன் சிரித்தார். "சரி. வச்சிக்கோங்க. நான் இப்ப சிலாபத்துக்குப் போறேன். நாளைக்குப் பின்னேரம் இந்த வழியாத்தான் திரும்பி வருவேன். அதுக்குள்ள ஓட்டிப் பாத்து பதில் செல்லுங்க. எழுத்து வேல பொறகு செய்வம்."

மற்ற இரண்டையும் ஏற்றிக்கொண்டு போனார்.

அன்று பின்னேரம் கஜலக்ஷ்மி வண்டியைக் கழுவினாள். அது ஏற்கெனவே கழுவித்தான் இருந்தது.

ஞாயிறு காலை ஆறரை. கொங்கிறீற் ரோட்டில் ஆட்கள் இல்லை. சித்தி வண்டியைப் பின்னால் பிடித்துக்கொண்டாள். பிறகு விட்டாள். முதல் கியர், இரண்டாவது. கோயில் மதில் பின்னால் போனது. மூன்றாவது. காற்று கண்ணுக்குள் வந்தது. அவள் ஹெல்மெட்டுக்குள் சத்தமாகச் சிரித்தாள். தன் சிரிப்பு தன் காதிலேயே இடித்தது. ஆண்டிமுனை வரை போனாள். திரும்பினாள். நிற்கவே இல்லை. நிற்க வேண்டிய தேவை வரவில்லை.

வீட்டுக்கு முந்தின சந்தியில் பேக்கரிப் பாண் விற்கும் ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு குறுக்கே வந்து நின்றது.

பிறேக் பிடித்தாள். வண்டி நின்றது. இடது காலை நீட்டினாள். கால் தரையைத் தேடியது. தரை வரவில்லை. பெருவிரல் நுனி ஒரு கணம் எதையோ தொட்டது. வள்ளம் கரையில் சாய்வதுபோல வண்டி மெதுவாகச் சாய்ந்தது. அவள் மறுபக்கம் குதித்தாள். வேலியோரம் யாரோ காயப் போட்டிருந்த வலைக் குவியல்மேல் கறுப்பு வண்டி படுத்தது.

சிங்களப் பாண்காரர் ஓடி வந்தார். "ஐயோ நங்கி! அடிபட்டதா?"

"இல்ல அண்ணன். பாட்டை நிப்பாட்டுங்க."

இரண்டு பேரும் சேர்ந்து தூக்கினார்கள். தனியாக அவளால் தூக்கியிருக்க முடியாது. அதையும் அவள் கவனித்தாள். கீறல் இல்லை. ஒரு மீன் செதில் மட்டும் கண்ணாடியில் ஒட்டியிருந்தது.

சித்தி நாடாவோடு வந்தாள். ரோட்டில் வைத்து அளந்தாள். மறுபடி அளந்தாள்.

"முப்பதரை."

"நேத்து இருபத்தேழரை சொன்னீங்க."

"நேத்து இருபத்தேழரைதான்." சித்தி நாடாவைத் திருப்பிப் பார்த்தாள். "மூணு அங்குலம் எங்கடி போச்சு?"

கஜலக்ஷ்மி வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தினாள். கரைக்கு நடந்தாள். சித்தி பின்னால் வந்தாள். வள்ளத்துக்குப் பக்கத்தில், காற்றுப் படாத இடத்தில், நேற்று வண்டி நின்ற தடம் அப்படியே கிடந்தது. இரண்டு குழிகள். முன்சக்கரத்துக்கு ஒன்று, பின்சக்கரத்துக்கு ஒன்று. அவள் பாதத் தடம் குழிக்குப் பக்கத்தில் மேலே இருந்தது. அவள் பின்சக்கரக் குழிக்குள் விரலை விட்டாள். அடி வரை போனது.

"இங்க இருக்கு சித்தி, மூணு அங்குலம்."

சித்தி நாடாவைக் குழிக்குள் விட்டுப் பார்த்தாள். பிறகு சிரிப்பு வந்துவிட்டது. மணலிலேயே உட்கார்ந்து சிரித்தாள். "மணலில இருந்து அளந்திருக்கேன்! இருபது வருஷமாத் தைக்கிறேன், இருபது வருஷமா!"

"நூர்தீன் நானா ரோட்டுல பாக்கச் சொன்னார்தானே."

"நீ நம்பினியா?"

"இல்ல."

"பிறகென்ன கதை?"

கஜலக்ஷ்மியும் உட்கார்ந்தாள். சிரிப்பு அடங்கியதும் வரம்பு ஞாபகம் வந்தது. வரம்பில் மணல் இல்லை. களிமண். நேர்முகத்துக்குப் போன அன்று அதில் நடந்திருக்கிறாள். ஆமை முதுகு மாதிரி நடுவில் உயர்ந்து இரண்டு பக்கமும் சரிந்து போகும். சக்கரம் நடு முதுகில் போகும். கால் சரிவில் இறங்கும்.

எழுந்தாள். "நாடாவைத் தாங்க."

வீட்டுக்குப் பின்னால் பழைய கால்வாயின் கரையும் அப்படித்தான். முதுகில் ஒரு தடியைக் கிடையாகப் பிடித்து, ஒரு முழம் தள்ளி, தடியிலிருந்து சரிவுக்கு அளந்தாள். இரண்டு அங்குலம். ரோட்டில் எட்டாத கால் இங்கே இன்னும் இரண்டு அங்குலம் எட்டாது.

மணலில் வண்டி கீழே போனது. வரம்பில் கால் கீழே போகும். அவள் நேர் எதிரான இடத்தில் பார்த்துத் தேர்ந்திருக்கிறாள்.

திரும்பி வந்தபோது சித்தி பெரிய கத்தரிக்கோலோடு கறுப்பு வண்டியின் பக்கத்தில் நின்றாள்.

"சீட்டைப் பிரிச்சு பஞ்சை எடுத்திருவோம். மேல வடிவா ஒரு ரெக்சீன். கரையில வெள்ளைத் தையல்."

"சித்தி, அது நம்ம வண்டி இல்ல. இன்னும் எழுதல."

"ஒரு பக்கம் மட்டும் பாப்போமே."

"கத்தரிக்கோலை வைங்க."

நூர்தீனுக்குப் போன் எடுத்தாள். மூன்று மணிக்கு வருவதாகச் சொன்னார். சிவப்பும் சாலியும் இன்னும் விற்கவில்லை. "சிவப்பைக் கேட்டு ஒராள் நிக்கிறார் தங்கச்சி. முந்தலுக்குக் கொண்டு வரச் செல்றார்."

"குடுக்க வேணாம் நானா. முதல்ல இங்க வாங்க."

மூன்று மணி வரை அவளால் உட்கார முடியவில்லை. சோற்றைப் பாதியில் மூடி வைத்தாள். மூன்று மணிக்கு லொறி வரவில்லை. மூன்றேகாலுக்கு அவள் சந்தியில் நின்றாள். மூன்று இருபதுக்கு லொறியின் மூக்கு தெரிந்தது. சிவப்பு வண்டி இன்னும் பின்னால் நின்றது. அவள் லொறிக்கு முன்னால் ஓடியே வழி காட்டினாள்.

"கரைக்கா?" என்றார் நூர்தீன்.

"கால்வாய்க் கரைக்கு."

அவர் லொறியைத் திருப்பினார். இறங்கும்போது, "நான் சென்னேனே, அக்கா," என்றார்.

"சொன்னீங்கதான். கொஞ்சம் சத்தமாச் சொல்லியிருக்கலாம்," என்றாள் சித்தி.

சாலியை முதலில் ஏற்றினார்கள். கால் நன்றாக எட்டியது. ஆனால் வெயிலில் வெடித்த களிமண்ணில் குட்டிச் சக்கரம் ஒரு பிளவுக்குள் இறங்கி நின்றுகொண்டது. நூர்தீன் அதை இழுத்து எடுத்தார்.

சிவப்பு மேலே வந்தது. சித்தி அதைக் கரையின் முதுகில் நிறுத்தி அளந்தாள். இந்த முறை சக்கரத்தின் அடியிலிருந்து.

"இருபத்தொம்பது. வேணாம். கறுப்பைவிட ஒண்டரைதான் குறைவு. எட்டாது."

"ஏறிப் பாக்கிறேனே."

ஏறினாள். சீட் அமுங்கியது. அவள் இரண்டு காலையும் தேடவில்லை. வரம்பில் இரண்டு கால் எதற்கு? வலது கால் பிறேக்கில் இருக்கட்டும். இடுப்பை இடது பக்கம் சற்று நகர்த்தினாள். இடது காலை விட்டாள்.

பாதம் மண்ணைத் தொட்டது. குதிகால் சரிவில் பதிந்தது.

மூன்று பேரும் அந்தக் காலைப் பார்த்தார்கள்.

"எப்பிடி?" என்றாள் சித்தி. "நாடா பொய்யா?"

சித்தி சீட்டின் அகலத்தைச் சாணால் அளந்தாள். லொறிக்குப் பக்கத்தில் நின்ற கறுப்புக்கு ஓடிப் போய் அதையும் அளந்தாள். திரும்பி வரும்போதே கத்தினாள்.

"அகலம்டி! அது ஒரு சாண் நாலு விரல். இது ஒரு சாண்கூட இல்ல. தொடையை விரிச்சா கால் நீளம் குறையும். சட்டையில அகலம் விட்டா நான் நீளத்தைக் கூட்டித்தானே வெட்டுவேன்! இது எனக்குத் தோணலயே!"

"அக்காவுக்கு வண்டிக் கடையில வேல குடுக்கலாம்," என்றார் நூர்தீன்.

கஜலக்ஷ்மி அதற்குள் கிளம்பிவிட்டாள். இருபது அடி போய் நின்றாள். கால் ஊன்றியது. கிளம்பினாள். நின்றாள். ஊன்றியது. கிளச் இல்லாததால் கைக்கு வேலை இல்லை. கண் முழுக்கக் காலுக்கு இடம் தேடியது. எங்கே நிற்பது என்று நிற்பதற்கு முன்பே பார்க்க வேண்டும். பள்ளத்தைத் தாண்டி, மேட்டுப் பக்கம் இடது காலுக்கு வருமாறு நிற்க வேண்டும். ஐந்தாவது முறை சறுக்கியது. வண்டி சாய்ந்தது. இம்முறை அவள் விடவில்லை. தொடையால் அணைத்து நிமிர்த்தினாள். நிமிர்ந்தது. இந்தப் பாரம் அவளுக்கு அளவான பாரம்.

"ஒம்பது... பத்து..." சித்தி கரையோரமாக ஓடியபடி தையல் எண்ணுவதுபோல் எண்ணினாள். "பதினொண்டு! இறங்குடி, அந்த மனுசன் வீட்டுக்குப் போகணும்!"

"இன்னும் ஒண்ணு!"

"பின்னால தட்டில நான் ஏறட்டா?"

"வேணாம் சித்தி!"

சித்தி ஏறிவிட்டாள். பக்கவாட்டில், சேலையைச் செருகிக்கொண்டு. வண்டி இரண்டு பேரோடு கால்வாய்க் கரையில் போனது. சித்தியின் அலறல் கடற்கரை வரை கேட்டிருக்கும். அது பயத்தின் அலறல் இல்லை.

நூர்தீன் கறுப்பைத் தானே லொறியில் ஏற்றினார். கஜலக்ஷ்மி அதைத் திரும்பிப் பார்த்தாள். அழகான வண்டிதான். ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு சிவப்பின் சாவியைச் சட்டைப்பையில் போட்டாள். வீட்டில் எழுத்து வேலை பத்து நிமிடத்தில் முடிந்தது.

திங்கட்கிழமை ஆறு ஐம்பதுக்குப் பண்ணை வாசலில் நின்றாள். தவச்செல்வன் சிவப்பு வண்டியைச் சுற்றி வந்தார்.

"தபால் கந்தோரில வேலை எடுத்திட்டீரோ?"

"இல்ல சேர். இதுக்குத்தான் கால் எட்டுது."

அவர் தண்ணீர் பார்க்கும் பெட்டியைக் கொடுத்தார். போத்தல்கள், உப்பு பார்க்கும் குழல், ஒரு கயிறு. பெட்டி பின்தட்டில் சரியாக உட்கார்ந்தது. அவர் அதை ஒருமுறை அசைத்துப் பார்த்தார். அசையவில்லை.

"அந்தத் தொங்கல்ல, கடைசி மதகு வரைக்கும். திரும்பி வாரும்."

வரம்பில் ஏறினாள். இரண்டு பக்கமும் தண்ணீர். குளங்களில் துடுப்புச் சக்கரங்கள் சுழன்று தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தன. இரவு பெய்த தூறலில் களிமண் மினுங்கியது. இரண்டாவது கியர். பார்வை இருபது அடி முன்னால். கீழே பார்க்கவில்லை. மதகு வந்தது. அங்கே அகலமாக இருந்தது. திருப்பினாள்.

திரும்பும் வழியில் பாதித் தூரத்தில் ஒரு நாய் படுத்திருந்தது.

பண்ணை நாய். வரம்பின் நடுவே, குறுக்காக. அவள் ஹோர்ன் அடித்தாள். நாய் தலையைத் தூக்கிப் பார்த்தது. தலையைத் திரும்ப வைத்தது. மறுபடி அடித்தாள். காது மட்டும் அசைந்தது.

தூரத்தில் தவச்செல்வன் கையை உயர்த்தினார். பக்கத்தில் இரண்டு வேலையாட்கள் தீனிச் சாக்கை வைத்துவிட்டுப் பார்த்தார்கள்.

சுற்றிப் போக இடம் இல்லை. நிற்க வேண்டும். அவள் இடது பக்கத்தைப் பார்த்தாள். புல் முளைத்த ஒரு கட்டி. அதற்கு நேராக வர வேண்டும். வேகத்தைக் குறைத்தாள். இன்னும் குறைத்தாள். பெட்டிக்குள் போத்தல்கள் ஒன்றோடொன்று தட்டின. வலது காலை அழுத்தினாள். இடுப்பை நகர்த்தினாள். இடது காலை விட்டாள்.

புல். அதன் கீழ் மண். குதிகால் இறங்கியது, நின்றது.

வண்டி நின்றது. இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவளும் நாயும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"எழும்புங்க," என்றாள். "எனக்கு வேலை இருக்கு."

நாய் காதைச் சொறிந்தது. நீட்டி நெளித்தது. ஆற அமர எழுந்து சரிவில் இறங்கிப் போனது. அவள் அவசரப்படவில்லை. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். அது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. 

முதல் கியரைப் போட்டாள். கால் மண்ணை விட்டது.

வரம்பின் முனையில் தவச்செல்வன் காத்து நின்றார். "அந்த நாய் ஒருத்தருக்கும் எழும்பாது," என்றார். பிறகு, "வாரும், கந்தோருக்கு. கையெழுத்து வைக்க வேணும். வெளிக்களத்துக்கு."

அவள் இறங்கவில்லை.

"இஞ்சினை நிப்பாட்டுமன் பிள்ளை."

"சேர், காலைத் தண்ணி இன்னும் ஒரு குளத்திலயும் பாக்கலையே."

அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். ஏழு பதினெட்டு. "முதல் ஆறு குளமும் அந்தப் பக்கம்," என்று கையைக் காட்டினார். அவர் கையை இறக்குவதற்குள் சிவப்பு வண்டி அந்த வரம்பில் ஏறியிருந்தது.